எந்த டயட் பெஸ்ட்? 160 வருஷமா நடக்கும் ஒரு சண்டையின் வரலாறு

1/
ஓ.பி.யில் தினமும் யாராவது ஒருத்தர் கேட்டுடுறாங்க. "டாக்டர், எடை குறைக்க எந்த டயட் பெஸ்ட்? பேலியோவா, கீட்டோவா, 16 மணி நேர விரதமா? இல்ல சும்மா அளவைக் குறைச்சா போதுமா?"

பதிலை ஒரே வரியில் சொல்லிடலாம். ஆனா அந்த ஒரு வரியை யாரும் நம்ப மாட்டாங்க. அது எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் நம்பிக்கை வரும். அதனால இன்னைக்கு கொஞ்சம் வரலாறு. நீளமான த்ரெட்தான், பொறுமையா படிங்க.

2/
கதை 1862-ல் லண்டனில் ஆரம்பிக்குது. வில்லியம் பான்டிங் என்று ஒருத்தர். இறுதிச் சடங்குகளை ஏற்பாடு செய்து கொடுப்பது அவர் தொழில். அரச குடும்பத்து இறுதிச் சடங்குகளையே நடத்திக் கொடுத்த குடும்பம்.

வயது 66. உயரம் 5 அடி 5 அங்குலம். எடை சுமார் 92 கிலோ. குனிஞ்சு ஷூ லேஸ் கட்ட முடியாது. மாடிப்படியில் நேரா இறங்க முடியாம, திரும்பி நின்னு பின்பக்கமா மெதுவா இறங்குவார்.

3/
எடை குறைக்க அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. படகில் துடுப்பு போட்டுப் பார்த்தார். பசி அதிகமாகி இன்னும் கொஞ்சம் சேர்த்து சாப்பிட்டதுதான் மிச்சம்.

கடைசியில் காது சரியா கேட்கலைன்னு வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரிடம் போனார். (ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்த ஹார்வி வேற. அவர் 200 வருஷத்துக்கு முந்தைய ஆள்.) இந்த ஹார்வி, பாரிஸ் போய் கிளாட் பெர்னார்டின் சொற்பொழிவுகளைக் கேட்டு வந்தவர். கல்லீரலும் சர்க்கரையும் எப்படி வேலை செய்யுதுன்னு அங்கே கேட்டது அவர் மனசில் இருந்தது.

காதுக்கு மருந்து கொடுப்பதற்குப் பதிலா ஒரு சாப்பாட்டுப் பட்டியல் கொடுத்தார். பிரெட், வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாம் கட். கறி, மீன், காய்கறி, பழம் சாப்பிடலாம். ஒயினுக்குக்கூட அனுமதி உண்டு!

4/
ஒரு வருஷத்தில் பான்டிங் சுமார் 21 கிலோ குறைந்தார். சந்தோஷத்தில் 1863-ல் சொந்தக் காசில் ஒரு சின்னப் புத்தகம் அச்சடிச்சு முதலில் இலவசமா கொடுத்தார். தீ மாதிரி பரவிச்சு. அவர் பெயரே டயட் இருப்பதைக் குறிக்கும் சொல்லா மாறிடுச்சு. ஸ்வீடன் நாட்டில் டயட் இருப்பதற்கு இன்னைக்கும் "பான்டா" என்றுதான் சொல்றாங்க.

இப்போ நாம லோ கார்ப்னு சொல்றதுக்கு இவர்தான் தாத்தா. "எனக்கு குறைஞ்சுது, உங்களுக்கும் குறையும்" என்று இன்னைக்கு வாட்ஸ்அப்பில் சுத்துற எல்லா மெசேஜுக்கும் கூட இவர்தான் தாத்தா.

5/
அடுத்து கலோரி. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் என்ற விஞ்ஞானி, ஒரு மூடிய அறைக்குள் மனிதர்களை உட்கார வைத்து, உணவிலிருந்து உடம்புக்கு எவ்வளவு சக்தி கிடைக்குதுன்னு அளந்தார். 1 கிராம் மாவுச்சத்துக்கு 4 கலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று நாங்க கல்லூரியில் படிக்கும் கணக்கு அங்கிருந்து வந்தது.

அதை வீட்டு சமையலறைக்குக் கொண்டு போனவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர். 1918-ல் அவர் எழுதிய புத்தகம், ஒரு துண்டு பிரெட் என்று பார்க்காம 100 கலோரி பிரெட் என்று பார்க்கச் சொன்னது. விற்பனையில் சக்கைப்போடு போட்டது. எதை வேணாலும் சாப்பிடு, ஆனா எண்ணிச் சாப்பிடு என்ற கட்சி இது.

6/
இப்போ நம்ம ஊர் ஆட்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம்.

வால்டர் கெம்ப்னர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு ஜெர்மனியை விட்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்கு வந்த மருத்துவர். கடுமையான ரத்தக்கொதிப்புக்கு சரியான மாத்திரையே இல்லாத காலம். 1939-ல் அவர் கொடுத்த சிகிச்சை என்ன தெரியுமா? சோறு. வெள்ளை அரிசிச் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. உப்பு கிடையாது. எண்ணெய், கொழுப்பு ஏறக்குறைய பூஜ்ஜியம்.

பான்டிங் டயட்டுக்கு நேர் எதிர். இதிலும் ரத்தக்கொதிப்பு குறைஞ்சுது. பின்னாடி உடல் பருமனுக்கும் இதையே அளவு குறைச்சுக் கொடுத்தார். குறைந்தது 45 கிலோ இழந்த 106 நோயாளிகளைப் பற்றி 1975-ல் கட்டுரையே எழுதினார்.

சோறு சாப்பிட்டு 45 கிலோ! இந்த எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்பி வருவோம்.

7/
1961, நியூயார்க். ஜீன் நைடெச் என்ற இல்லத்தரசி. எடை சுமார் 97 கிலோ. மாநகராட்சி நடத்திய உடல் பருமன் கிளினிக்கில் ஒரு டயட் சீட்டு வாங்கினார். கொஞ்சம் குறைந்தது. ஆனா ராத்திரி திருட்டுத்தனமா பிஸ்கெட் சாப்பிடும் பழக்கம் விடலை. கிளினிக்கில் இதைச் சொல்ல வெட்கம்.

அதனால குண்டான தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு, இதையெல்லாம் வெளிப்படையாப் பேச ஆரம்பித்தார். வாராவாரம் கூட்டம் பெருகிச்சு. 1963-ல் அது வெயிட் வாட்சர்ஸ் என்ற கம்பெனி ஆச்சு. அவருடைய எடை சுமார் 64 கிலோவுக்கு வந்தது.

இதில் கவனிங்க. டயட் சீட்டு கிளினிக்கில் கொடுத்தது. அவர் புதுசா சேர்த்தது தோழிகளைத்தான்.

8/
1972-ல் ராபர்ட் அட்கின்ஸ் என்ற இதய மருத்துவர், பான்டிங் கட்சியைப் புதுப் பெயரில் கொண்டு வந்தார். மாவுச்சத்தை வெட்டு, கறியும் முட்டையும் வெண்ணெயும் வயிறு நிறைய சாப்பிடு. புத்தகம் லட்சக்கணக்கில் வித்துச்சு. அமெரிக்க மருத்துவ சங்கம் கடுமையா எதிர்த்துச்சு.

அதே 70-களில் சாப்பாடே வேண்டாம், புரத திரவம் மட்டும் குடி என்று ஒரு டயட்டும் வந்தது. விலங்குத் தோல், தசைநாரிலிருந்து எடுத்த தரமில்லாத புரதம். எடை மளமளன்னு குறைஞ்சுது. 1977, 78-ல் இதைக் குடிச்ச ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோன தகவல் வந்தது. பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி மரணம்.

எடை குறையுது என்பதும் உடம்பு நல்லா இருக்கு என்பதும் வேற வேற விஷயம். அந்தக் குடும்பங்கள் இதை ரொம்பப் பெரிய விலை கொடுத்துக் கத்துக்கிட்டாங்க.

9/
90-களில் புத்தகக் கடையே போர்க்களம். ஒரு பக்கம் அட்கின்ஸ். எதிர்ப்பக்கம் டீன் ஆர்னிஷ்: முழு சைவம், கொழுப்பு 10%-க்கு மேல் கூடாது. நடுவில் பாரி சியர்ஸின் ஜோன் டயட்: 40% மாவுச்சத்து, 30% புரதம், 30% கொழுப்பு. இன்னொரு பக்கம் வெயிட் வாட்சர்ஸ்.

நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் முரண். நாலு பேரிடமும் எடை குறைஞ்ச ஆட்களின் போட்டோ இருக்கு. எப்படி?

10/
இப்போ கெம்ப்னரின் 106 பேரிடம் திரும்பி வருவோம். அந்தக் கட்டுரைக்கு எடுத்ததே 45 கிலோவும் அதுக்கு மேலயும் குறைஞ்சவங்களை மட்டும்தான். ஜெயிச்சவங்களை மட்டும் வரிசையா நிக்க வச்சா எந்த டயட்டும் ஜெயிக்கும். பாதியில் விட்டவங்க போட்டோ யார் கையிலும் இருக்காது.

அப்போ நியாயமா எப்படி ஒப்பிடுவது? ஆட்களைச் சேர்த்து, யாருக்கு எந்த டயட் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு பண்ணணும். ஒரு வருஷமாவது பார்க்கணும். பாதியில் விட்டவங்களையும் கணக்கில் சேர்க்கணும்.

பான்டிங் புத்தகம் வந்து 140 வருஷம் கழிச்சுத்தான் பிரபல டயட்டுகளை இப்படி நேருக்கு நேர் மோத விட்டாங்க.

11/
பாஸ்டன் நகரம், 2005-ல் வெளியான ஆய்வு. 160 பேர். குலுக்கல் போட்டு ஒரு டயட்டுக்கு 40 பேர். அட்கின்ஸ், ஜோன், வெயிட் வாட்சர்ஸ், ஆர்னிஷ். ஒரு வருஷம் கழிச்சு சராசரியா எவ்வளவு குறைஞ்சுது?

அட்கின்ஸ்: 2.1 கிலோ
ஜோன்: 3.2 கிலோ
வெயிட் வாட்சர்ஸ்: 3.0 கிலோ
ஆர்னிஷ்: 3.3 கிலோ

அவ்வளவுதான். 30 வருஷமா திட்டிக்கிட்டதுக்குக் கிடைச்ச வித்தியாசம் ஒரு கிலோ சொச்சம். அதுவும் தற்செயலா வரக்கூடிய அளவுதான்.

12/
ஆனா அந்த ஆய்வின் உண்மையான செய்தி இன்னொரு இடத்தில் இருந்தது.

அட்கின்ஸ் 40 பேரில் வருஷக் கடைசி வரை இருந்தவங்க 21 பேர். ஆர்னிஷில் 20. மற்ற ரெண்டிலும் தலா 26. ரொம்பக் கறாரான ரெண்டு டயட்டிலும் பாதிப் பேர் ஓடிட்டாங்க.

எந்தக் குழுவை எடுத்தாலும் நாலில் ஒருத்தர் உடல் எடையில் 5%-க்கு மேல் குறைச்சிருந்தாங்க. அது யார்? டயட்டை விடாமப் பிடிச்சுக்கிட்டவங்க. எவ்வளவு ஒழுங்கா கடைப்பிடிச்சாங்க என்பதற்கும் எடை குறைவுக்கும் நல்ல தொடர்பு இருந்தது. எந்த டயட் என்பதற்கும் எடை குறைவுக்கும் தொடர்பு இல்லை.

13/
"ஒரு ஆய்வை வச்சு சொல்லாதீங்க டாக்டர்" என்பீங்க. நியாயம்.

2007, ஸ்டான்ஃபோர்டு. 311 பெண்கள், ஒரு வருஷம். இதில் அட்கின்ஸ் ஜெயிச்சுது: 4.7 கிலோ. மற்ற மூணும் 1.6 முதல் 2.6 கிலோ வரை. ஆய்வை நடத்திய கிறிஸ்டோபர் கார்ட்னர் பல வருஷமா சைவம் சாப்பிடுபவர். தன் கட்சி தோத்த முடிவை அப்படியே வெளியிட்டார். அறிவியல் இப்படித்தான் இருக்கணும்.

2009, ஹார்வர்டு தலைமையில். 811 பேர், நாலு விதமான விகிதத்தில் உணவு, ரெண்டு வருஷம். ஆறு மாசத்தில் சுமார் 6 கிலோ குறைஞ்சுது. ஒரு வருஷத்துக்கு மேல் மெதுவா ஏற ஆரம்பிச்சு, ரெண்டு வருஷ முடிவில் குறைவு சுமார் 4 கிலோவில் நின்னுச்சு. நாலு குழுவிலும் ஏறக்குறைய ஒரே கதை. ஆனா ஆலோசனைக் கூட்டத்துக்கு யார் தவறாம வந்தாங்களோ அவங்களுக்கு அதிகம் குறைஞ்சுது. ஒரு கூட்டத்துக்கு 200 கிராம் கணக்கு!

14/
2014-ல் இப்படிப்பட்ட 48 ஆய்வுகளை, 7,286 பேரை ஒண்ணா சேர்த்து அலசினாங்க. ஒரு வருஷத்தில் லோ கார்ப் 7.25 கிலோ. லோ ஃபேட் 7.27 கிலோ. வித்தியாசம் 20 கிராம். ஒரு டம்ளர் தண்ணி குடிச்சா ஏறும் எடை இதைவிட அதிகம்.

15/
"சரி, என் உடம்புக்கு எது பொருந்தும்னு ஜீன் டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமா?" என்று காசு கட்டத் தயாரா இருக்கிறவங்க இதைப் படிங்க.

2018-ல் அதே கார்ட்னர் குழு. 609 பேர், ஒரு வருஷம், ரெண்டு டயட். சேரும்போதே ஜீன் பார்த்தாங்க. இன்சுலின் சுரப்பு பார்த்தாங்க. லோ ஃபேட் 5.3 கிலோ, லோ கார்ப் 6.0 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. யாருக்கு எந்த டயட் வேலை செய்யும் என்பதை அந்த ஜீனாலும் சொல்ல முடியலை, இன்சுலினாலும் சொல்ல முடியலை.

ஆனா ஒரே டயட்டுக்குள்ள இருந்த வித்தியாசத்தைப் பாருங்க. ஒருத்தர் 30 கிலோ குறைஞ்சார். இன்னொருத்தர் 10 கிலோ ஏறினார். அப்போ "எந்த டயட்" என்பதைவிட "யார், எப்படி" என்பதுதான் பெரிய கேள்வி.

16/
விரதம்? 2022-ல் சீனாவின் குவாங்சோவில் 139 பேர். எல்லாருக்கும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு. பாதிப் பேர் மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரைதான் சாப்பிடணும். ஒரு வருஷத்தில் அவங்களுக்கு 8.0 கிலோ, நேரக் கட்டுப்பாடு இல்லாதவங்களுக்கு 6.3 கிலோ. புள்ளியியல் கணக்கில் இந்த வித்தியாசம் தேறலை.

ராத்திரி சாப்பாட்டை விட்டா மொத்த அளவு குறையுது, அது உங்களுக்குச் சுலபமா இருக்குன்னா தாராளமா செய்யலாம். அந்த கடிகாரத்துக்குள்ள மந்திரம் எதுவும் இல்லை.

17/
அப்போ ஆறு மாசத்தில் குறைஞ்ச எடை ஏன் திரும்ப ஏறுது? "வாய்க்கட்டு இல்லை" என்று வீட்டில் திட்டுவாங்க. நாங்களும் சில நேரம் திட்டுறோம். உண்மையில் என்ன நடக்குது?

1944-45, மினசோட்டா. ஆரோக்கியமான 36 இளைஞர்கள், ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்காகத் தாங்களே முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி இருந்தாங்க. உடல் எடையில் நாலில் ஒரு பங்கு போச்சு. கூடவே வேற ஆர்வமெல்லாம் போய், நாள் முழுக்க சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகத்தை உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சாங்க. பட்டினி முடிஞ்ச பிறகும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்கலை.

18/
2011-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இதை ஹார்மோன் அளவில் பார்த்தாங்க. 50 பேர், 10 வாரத்தில் சராசரி 13.5 கிலோ குறைச்சாங்க. பசியைத் தூண்டும் கிரெலின் ஏறிச்சு. போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கிச்சு. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தாலும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பலை.

உங்க உடம்புக்கு டயட் என்று தெரியாது. பஞ்சம் வந்துடுச்சுன்னுதான் நினைக்கும். இழந்ததை மீட்கப் போராடும். எடை திரும்ப ஏறினா அது உங்க குணக்கேடு இல்லை, உடம்பின் தற்காப்பு. இதைத் தெரிஞ்சுக்காம, மூணாவது முறையும் தோத்துட்டேன்னு நொந்து போய் சுகர் மாத்திரையையும் சேர்த்து நிறுத்திட்டு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் வருத்தமா இருக்கும்.

19/
சரி, ஜெயிச்ச டயட்டுகளுக்குள்ள பொதுவா என்ன இருக்கு?

ஒண்ணு: பெரும்பாலானவை பாக்கெட் உணவையும் இனிப்பையும் வெட்டும். 2018 ஆய்வில் ரெண்டு குழுவுக்கும் சொன்ன பொதுவான அறிவுரை இதுதான்: சர்க்கரை, மைதா குறை, காய்கறி கூட்டு, வீட்டில் சமைச்சுச் சாப்பிடு. கலோரி எண்ணச் சொல்லவே இல்லை. ரெண்டு குழுவுமே தானா குறைச்சுச் சாப்பிட்டாங்க.

2019-ல் கெவின் ஹால் 20 பேரை மருத்துவமனையில் தங்க வச்சுப் பார்த்தார். அதிகம் பதப்படுத்திய உணவு கொடுத்த ரெண்டு வாரமும், வீட்டுச் சமையல் மாதிரியான உணவு கொடுத்த ரெண்டு வாரத்தைவிட தினமும் சுமார் 500 கலோரி கூடுதலா சாப்பிட்டாங்க. யாரும் கட்டாயப்படுத்தலை.

ரெண்டு: தொடர்ந்து யாரோ ஒருத்தர் கேட்கணும். நைடெச்சின் தோழிகள், 2009 ஆய்வின் கூட்டங்கள், எல்லாம் அதுதான். இதுக்கு ஆயிரக்கணக்கில் காசு கட்ட வேண்டாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்க்க, பி.பி., சுகர் பார்க்க காசு கிடையாது. மாசம் ஒரு முறை போங்க. நோட்டில் எழுதி வைங்க.

20/
எல்லா டயட்டும் எல்லாருக்கும் ஒண்ணு என்று நான் சொல்லலை. எடை விஷயத்தில் வித்தியாசம் சின்னது. மற்ற விஷயங்களில் உண்டு. மாவுச்சத்தைக் குறைச்சா டிரைகிளிசரைடு நல்லா இறங்கும். கொழுப்பைக் குறைச்சா எல்.டி.எல். இறங்க வாய்ப்பு அதிகம். உங்க ரிப்போர்ட்டில் எது பிரச்சனையோ அதைப் பார்த்து முடிவு பண்ணலாம்.

சுகர் வந்து சில வருஷமே ஆனவங்களுக்கு ஒரு நல்ல செய்தி. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், மருத்துவக் கண்காணிப்பில் 3 முதல் 5 மாசம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்ததில், ஒரு வருஷத்தில் 46% பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள் வந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைச்சவங்களில் 86% பேருக்கு.

"மருத்துவக் கண்காணிப்பில்" என்ற வார்த்தையை இன்னொரு முறை படிங்க.

21/
ஏன்னா அந்த ஆய்வில் சுகர் மாத்திரையை முதல் நாளே நிறுத்திட்டுத்தான் டயட் ஆரம்பிச்சாங்க. இங்கே என்ன நடக்குது? வீடியோ பார்த்து சோறு, இட்லியை ஒரே நாளில் நிறுத்துறாங்க. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ அதே அளவில் ஓடுது. சுகர் 40-க்கு இறங்கி, வேர்த்துக் கொட்டி, நினைவு தப்பி ராத்திரி 2 மணிக்கு வருவாங்க. அவசர சிகிச்சைப் பிரிவில் டியூட்டி பார்த்த எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

இன்சுலின் போடுறவங்க, சுகர் மாத்திரை, பி.பி. மாத்திரை சாப்பிடுறவங்க, கிட்னி பிரச்சனை உள்ளவங்க, கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்: டாக்டரிடம் சொல்லாம எந்த டயட்டும் ஆரம்பிக்காதீங்க. டாபாகிளிஃப்ளோசின் மாதிரி, பெயர் கிளிஃப்ளோசின் என்று முடியும் மாத்திரை சாப்பிடுறவங்க கீட்டோ பக்கமே தனியா போகாதீங்க. ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம், அதுவும் சுகர் அளவு நார்மலா காட்டும்போதே.

22/
இனிமே யார் எந்த டயட் சொன்னாலும் நாலு கேள்வி கேளுங்க.

இதை அடுத்த பொங்கலுக்கும் அதுக்கு அடுத்த பொங்கலுக்கும் என்னால சாப்பிட முடியுமா?
என் வீட்டுச் சமையலில், என் சம்பளத்தில் இது நடக்குமா?
நான் சாப்பிடும் மாத்திரைக்கு இது ஒத்து வருமா?
இதை விட்டவங்க எத்தனை பேர்னு சொல்றாங்களா, ஜெயிச்சவங்க போட்டோ மட்டும்தானா?

முதல் கேள்விக்கு "முடியாது" என்றால் மற்றதைக் கேட்கவே வேண்டாம்.

23/
ஆரம்பிக்க ஒண்ணும் பெரிசா வேண்டாம். டீயில் சர்க்கரையை நிறுத்துங்க. கூல்டிரிங்க்ஸ், பிஸ்கெட், மிக்சர் வீட்டுக்குள்ள வர வேண்டாம். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, காலியான இடத்தில் காய்கறியும் முட்டை, மீன், பருப்பு, சுண்டல் மாதிரி ஏதாவது ஒரு புரதமும் வைங்க. ராத்திரி சாப்பாட்டைச் சீக்கிரம் முடிங்க. நடங்க.

80 கிலோ இருக்கிறவர் 4 கிலோ குறைச்சாலே 5%. பார்க்கிறவங்க கண்ணுக்குத் தெரியாது. ஆனா பி.பி., சுகர், டிரைகிளிசரைடு மூணிலும் பலன் தெரிய ஆரம்பிக்கும்.

24/
முதலில் சொன்ன அந்த ஒரு வரி பதில் இதுதான்: உங்க உடம்புக்குக் கெடுதல் செய்யாத டயட்டுகளில், எதை உங்களால வருஷக் கணக்கா விடாம சாப்பிட முடியுமோ, அதுதான் உங்களுக்கு பெஸ்ட் டயட்.

160 வருஷ சண்டை, ஆயிரக்கணக்கான பேர் கலந்துகிட்ட ஆய்வுகள், எல்லாம் வந்து நின்ன இடம் இது. வீட்டில் யாராவது புது டயட் ஆரம்பிக்கப் போறேன்னு சொன்னா, சமைக்கிறதுக்கு முன்னாடி அவங்க மாத்திரை டப்பாவை ஒரு முறை எடுத்துப் பாருங்க.